கடற்படை நிலக்கரிப் பிரிவின் லெமுவேல் ஹாஸ்கின்ஸ் அவர்களுக்கு, விடுபட்ட ஒரு கையெழுத்துடன்

வாஷிங்டன், மார்ச் 1909

கப்பல்களின் வயிறறிந்தவரே, முப்பத்து நான்கு ஆண்டுகளாக எங்கள் கண்ணில் புகையையும் எங்கள் கணக்கில் ஒழுங்கையும் நிறைத்தவரே, மதிப்பிற்குரிய திரு. ஹாஸ்கின்ஸ் அவர்களே,

இந்த மாதம் இந்நகரில் இரண்டு பேர் பொறுப்பிலிருந்து இறங்குகிறார்கள். ஒருவர் வெள்ளை மாளிகையில் ஏழரை ஆண்டு இருந்தவர். சும்மா உட்காரத் தெரியாதவர். அவருக்கு ஊரே திரண்டு விடைகொடுத்துவிட்டது. இன்னொருவருக்கு, இந்த மூன்றாம் மாடி அறையில், சிப்பி சூப்பும் காப்பியும் வைத்து நாங்கள் பதினொரு பேர் விடைகொடுக்கிறோம்.

தாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் நம் கடற்படையைப் பார்த்து எவரும் அஞ்சியதில்லை. இன்று பெரிய நாடுகளின் தூதர்கள் நம் போர்க்கப்பல்களை எண்ணித் தங்கள் அரசுகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த உயர்வைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. கப்பல் நிலக்கரியால் ஓடுகிறது என்பதை நினைவில் வைத்திருந்தவர் தாங்கள். எந்தத் துறைமுகத்து மாதிரி வந்தாலும், கூட வந்த சான்றிதழை நம்பாமல், நம் அறையின் கணப்படுப்பில் போட்டு எரித்துப் பார்ப்பீர்கள், ஜூலை மாதத்திலும். "சார், ஜன்னலையாவது திறக்கலாமா?" என்று கேட்டால், "திறந்தா புகையோட நிறம் தெரியாது. இருமிக்கிட்டே வேலையப் பாருங்க" என்பீர்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன், வெள்ளைச் சாயம் பூசிய பதினாறு போர்க்கப்பல்களை உலகைச் சுற்றி அனுப்புவது என்று முடிவானது. வழியெல்லாம் நிலக்கரி கொண்டுவருவது யார் என்ற கணக்கு தங்களிடம் வந்தது. நம் நிலக்கரிக் கப்பல்கள் எட்டு; வேண்டியவை ஐம்பதுக்கு அருகில். மீதியெல்லாம் வாடகைக்குப் பேசிய வெளிநாட்டுக் கப்பல்கள். கடைசித் தாளில் இப்படி எழுதினீர்கள்: 'பசிபிக்கில் போர் மூண்டால், நடுநிலை நாடுகளுடையவை என்பதால், இக்கப்பல்கள் சட்டப்படி நமக்கு நிலக்கரி தர இயலாது. அன்று நம் போர்க்கப்பல்கள் இருந்த இடத்திலேயே நிற்கும்.'

மேல்மாடியிலிருந்து கமாண்டர் பிரெண்டிஸ் இறங்கி வந்தார்.

"ஹாஸ்கின்ஸ், உங்ககிட்ட கேட்டது கணக்கு. ஜோசியம் இல்ல."

"இதுவும் கணக்குதான், கமாண்டர். கழிச்சுப் பாத்தா மிச்சம் வர்றது அது."

"டிசம்பர்ல தலைமை எழுத்தர் இடம் காலியாகுது. அந்த ஒரு தாள எடுத்துட்டா, உங்க பேருதான்."

"தாள எடுத்துடலாம். அப்புறம் நிலக்கரிக்கு எங்க போறது?"

நம் பிரிவில் எந்தத் தாளுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும்: எழுதியவருடையது ஒன்று, சரிபார்த்தவருடையது ஒன்று. இரண்டாவது இல்லாத தாள் மேலே போனால் படிக்கப்படாமலே திரும்பிவிடும். அன்று சரிபார்க்கும் முறை நம் ஓரின் ஸ்லேட்டருடையது. அவர் இருமுறை கூட்டிப் பார்த்தார். இருமுறையும் சரியாகவே வந்தது. கையெழுத்திடாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளினார். தாள் மேசை மேசையாக அறையைச் சுற்றித் தங்களிடமே வந்து சேர்ந்தது. "என்னப்பா, எல்லாருக்கும் ஒரே நாள்ல மை தீந்துபோச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள். நாங்கள் யாரும் தலை நிமிரவில்லை.

ஒற்றைக் கையெழுத்தோடு அனுப்பினீர்கள். அது படிக்கப்படாமல் திரும்பியது. தலைமை எழுத்தர் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார். தாங்கள் அதே மேசையில், அதே அடுப்பருகில் இருந்தீர்கள். எங்களிடம் தங்கள் முகம் ஒருநாளும் மாறவில்லை. மாறியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

கப்பல்கள் போயின, சென்ற மாதம் நல்லபடியாகத் திரும்பின. போர் மூளவில்லை. நாடு பெருமைப்பட்டது; நாங்களும் பட்டோம். ஆனால் அவற்றில் ஒன்றின் பொறியாளர் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வழியில் ஒரு துறைமுகத்தில் வாடகை நிலக்கரிக் கப்பல்கள் வந்து சேராமல் ஆறு நாள் கட்டுண்டு கிடந்தார்களாம். 'பீரங்கிக்குக் குறைவில்லை, நகரத்தான் முடியவில்லை' என்று முடித்திருந்தார். அக்கடிதத்தை ஸ்லேட்டரின் மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனீர்கள்.

ஒரு நாடு எவ்வளவு தூரம் போக முடியும் என்று சொல்ல ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள். யார் தயவில் திரும்பி வருகிறது என்று சொல்லத் தாங்கள் ஒருவரே இருந்தீர்கள். அன்று உடன் நிற்க எங்களில் ஒருவரும் இல்லை.

செசபீக் விரிகுடாக் கரையில் தங்கள் புதிய வீட்டில், விறகு மட்டுமே எரியும் அடுப்பும், திறந்த ஜன்னல்களும், திருமதி ஹாஸ்கின்ஸ் அவர்களின் துணையும், தூண்டிலுக்குத் தப்பாத மீன்களும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்.

இம்மடலோடு ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் பழைய தாளும் இருக்கிறது. ஸ்லேட்டர் அதைக் கோப்பிலிருந்து எடுத்து மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்தார். இன்று காலை அது மறுபடி மேசை மேசையாகச் சுற்றியது. கமாண்டர் பிரெண்டிஸ் இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறார். இங்கே தாங்கள் காண்பது நகல்; அசல் மதியமே மேலே போய்விட்டது.

எழுதியவர்: லெமுவேல் ஹாஸ்கின்ஸ், அக்டோபர் 1907

சரிபார்த்தவர்கள்: ஓரின் ஸ்லேட்டரும் நிலக்கரிப் பிரிவின் மற்றப் பத்துப் பேரும், மார்ச் 1909