ஆடாத சோதனை

என் மச்சினன் நல்ல பையன். வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கோபத்தில் செய்தேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். நான் கோபப்பட்டு என் மனைவியே பார்த்ததில்லை.

அவனும் நானும் சேர்ந்துதான் அந்த மென்பொருளைத் தொடங்கினோம். மருந்துப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை வழியில் எவ்வளவு சூடு பட்டது என்று பதிந்துகொண்டே வரும் பிளாக்செயின், அதாவது பதிவுச் சங்கிலி. பெட்டிக்குள் இருக்கும் கருவி சூட்டைச் சொல்லும், சங்கிலி அதைப் பதிந்துகொள்ளும். பதிந்ததை யாராலும் அழிக்க முடியாது. சூடு மீறியிருந்தால் மருந்தகத்துத் திரையில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. ஓப்பன் சோர்ஸ் என்பதால் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நான். திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாகிவிடக் கூடாதே என்று விதிகளையும் நானே எழுதினேன்.

மச்சினனுக்கு மூளை அதிகம், பொறுமை கிடையாது. அவன் எழுதிய நிரல் ஓடும், ஆனால் பார்க்கச் சகிக்காது. வரிக்கு வரி இடைவெளி மாறும், பெயர்களெல்லாம் வாய்க்கு வந்தபடி இருக்கும். சோதனை எழுதுடா என்றால், அதாவது நிரலைச் சரிபார்க்க இன்னொரு குட்டி நிரல் எழுது என்றால், "அதான் ஓடுதுல்ல அத்தான், அப்புறம் என்ன?" என்பான். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தத் திருத்தத்தை ஒரு மதியம் அனுப்பினான். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு சூட்டு அளவுகள் ஒரே நொடியில் வந்தால் ஒன்று தொலைந்துபோகிறது, தொலைவது சூடான அளவாக இருந்தால் கெட்ட மருந்துக்கும் பச்சை விழும் என்று எழுதியிருந்தான். அந்தப் பகுதி நான் எழுதியது. அதனால்தான் திருப்பி அனுப்பினேன் என்று நினைத்துவிடாதீர்கள். இடைவெளி சரியில்லை, அதனால் திருப்பினேன். சரிசெய்து அனுப்பினான். ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம்தான் இருக்கலாம், அவன் இரண்டைக் கலந்திருந்தான். பிரித்து அனுப்பினான். சோதனை இல்லை.

பிழையைத் திருத்துபவர் சோதனையும் எழுத வேண்டும். பழைய நிரலில் அது ஒவ்வொரு முறையும் தோற்க வேண்டும், திருத்தியதில் ஒவ்வொரு முறையும் ஜெயிக்க வேண்டும். இது விதி. அவன் எழுதிய சோதனை ஆடியது, ஒரு தடவை தோற்கும், ஒரு தடவை ஜெயிக்கும். இரண்டு அளவுகள் ஒரே நொடியில் மோதிக்கொள்வது எப்போதாவதுதானே நடக்கும், அதனால் பழைய நிரலிலும் அது பல தடவை ஜெயித்துவிட்டது. ஆடும் சோதனையை நாங்கள் ஏற்பதில்லை. என் கை கட்டிப்போட்ட கைதான், மேடம்.

வீட்டுக்கே வந்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் கேட்டான்.

"விதி கிடக்கட்டும் அத்தான். பிழை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சோதனை சொல்லட்டும்" என்றேன்.

"மருத்துவமனையில போய்ச் சொன்னேன். நீங்க ஏத்துக்கிட்டாத்தான் நம்புவாங்களாம். வேணும்னா உங்க கால்ல விழறேன்."

"அவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால்டா. நீ சாப்பிடு முதல்ல" என்றாள் என் மனைவி. அவன் சாப்பிடாமலே எழுந்து போனான். அவள் அந்தத் தட்டை வெகுநேரம் எடுக்கவில்லை.

என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. தினமும் இன்சுலின் போட வேண்டும். அந்த வாரத்திலிருந்து மருத்துவமனை மருந்தகத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டு, எங்கள் சங்கிலியில் சேராத ஒரு கடையில் வாங்க ஆரம்பித்தேன். தூரம்தான், பேருந்து மாறிப் போக வேண்டும். பெற்ற மனசு கேட்குமா?

மருத்துவமனையில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. அதே வயது, அதே வியாதி. ஓர் இடத்தில் நிற்காது, அதனால் எல்லோருக்கும் அது சுண்டெலி. ஊசிக்கு யார் முதலில் முகம் சுளிப்பது என்று இரண்டும் பந்தயம் கட்டும். அந்த முறை போனபோது சுண்டெலி பெஞ்சில் சுருண்டு கிடந்தது. தண்ணீர், தண்ணீர் என்று முனகியது.

"டாக்டரும் மருந்தைக் கூட்டிக்கிட்டே போறாரு, சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது அண்ணா" என்றாள் அதன் அம்மா. "மருந்து கெட்டிருக்குமோன்னு கூடக் கேட்டுப் பார்த்தேன். பச்சை காட்டுது, தப்பா இருக்க வழியே இல்லைன்னுட்டாங்க."

என் மகளின் மருந்துப் பை என் மடியில்தான் இருந்தது. அதன் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. வேறு கடையில் வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நிரூபிக்காத பிழையை வெளியே பேசக் கூடாது என்பதும் எங்கள் விதி. நான் என்ன செய்ய?

"தண்ணி நிறையக் குடுங்கம்மா" என்றேன்.

அடுத்த முறை என் மகள் பெஞ்சில் பையை வைத்து சுண்டெலிக்கு இடம் பிடித்திருந்தாள். செவிலியர் வந்து அவள் தலையைத் தடவிவிட்டு, சுண்டெலி இறந்துபோன விஷயத்தைச் சொன்னார். பேருந்தில் என் மகள் அழவில்லை.

"நாம மட்டும் ஏம்ப்பா அவ்வளவு தூரம் போய் மருந்து வாங்குறோம்?"

"அங்க மருந்து நல்லா இருக்கும்மா."

"அவங்க அம்மாகிட்ட சொல்லலியாப்பா?"

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசுவதில்லை. இதுபோல் வேறு பிள்ளைகளும் போனதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று மாலையே திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன், சோதனையோடு. நிஜக் கடிகாரத்தை நம்பாமல், சோதனைக்குள் ஒரு பொய்க் கடிகாரத்தை வைத்து இரண்டு அளவுகளுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டால் போதும், ஆடவே ஆடாது. சின்ன வேலைதான்.

அந்தச் சோதனையை எப்போது எழுதினேன் என்று கேட்கிறீர்கள். கணினியில் தேதி இருக்கிறது, நான் மறைக்கப் போவதில்லை. மச்சினன் முதன்முதலில் திருத்தத்தை அனுப்பினானே, அன்றைக்கே எழுதிவிட்டேன். பழைய நிரலில் ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் தோற்றது. அதைப் பார்த்த பிறகுதான் என் மகளுக்குக் கடையை மாற்றினேன்.

அவனிடம் ஏன் கொடுக்கவில்லை என்றால், மேடம், சோதனை எழுதுவது திருத்துபவரின் வேலை. எல்லாவற்றையும் நானே ஊட்டிவிட்டால் அவன் எப்போதுதான் கற்றுக்கொள்வான்?