புது வீட்டுக்கு ஒரு பசு

— வெள்ளிக்கெழம காலைல அஞ்சு மணிக்கு பால் காய்ச்சுறோம், ராஜம்மா. உன் மாடும் கன்னும் நாலரைக்கே வந்துட்டா நல்லாருக்கும்.

— இன்னா கோதண்டம் நைனா, கோவில்பதாகைல வேற மாடே கெடைக்கலியா?

— ஏரி ஒடைஞ்சப்புறம் எவன் கொட்டாயில மாடு கீது? கன்னோட தப்பிச்சது உன்னுது ஒண்ணுதான். பசுதான் மொதல்ல உள்ள பூரணும்னு ஐயரு கண்டிசனா சொல்றாரு.

— தண்ணி ஏறுனப்ப கவுத்த அவுத்துவுட்டேன். அதுவா மேட்ட பாத்து போயிடிச்சி.

— உன் புருசன் மதுரைவீரனுக்கு எப்டி கீது?

— ஆஸ்பத்திரிலதான் கீறாரு. நெஞ்சுல சளி கட்டிகிச்சாம். அன்னிக்கு ராவு பூரா இஸ்கூலு வராண்டாவுல தார்ப்பாய தூக்கிப் புடிச்சிகினு நின்னாரு. புள்ளைங்க நனையல. டாக்டரு இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்றாரு.

— என் புது ஊட்ல நாலு ரூமும் காலியாத்தான் கெடந்துது, ராஜம்மா.

— அது கெடக்கட்டும் நைனா. பால் காய்ச்சாத ஊட்ல ஆளுங்கள ஏத்தக்கூடாதுன்னு சொன்னீங்கோ. சாங்கியம்னு ஒண்ணு கீதுல்ல. எங்க ஊட்டுக்காரரே சொன்னாரு, நைனாவ இன்னாத்துக்கு திட்டுற, நடன்னு.

— அவனா சொன்னான்?

— மாடிப்படியிலயாவது குந்திக்கிறோம்னு கேட்டு, நீங்கோ அதுக்கும் பூட்டு போட்டப்புறம்.

— பழைய ஊட்டுல படுத்துகினு மழ சத்தத்தயே கேட்டுகினு இருந்தேன். சாவி தலகாணிக்கு அடியில. ஒரு தபா எழுந்து செருப்பு கூட போட்டேன். எங்க போறன்னு என் ஊட்டுக்காரி கன்னியம்மா கேட்டா. எங்கியும் இல்லன்னு திரும்பப் படுத்துட்டேன். அந்த ஒரு நிமிசம் போயிருந்தா இன்னிக்கு மதுரைவீரன் டூட்டிக்கு போய்கினு இருப்பான்.

— செருப்பு போட்டீங்களா?

— போட்டேன். இன்னா பண்றது, போட்டுட்டு கழட்டிட்டேன்.

— சரி வுடுங்கோ.

— இனிமே எந்த மழைக்கும் நீ என்ன கேக்கவே வேணாம். வெள்ளிக்கெழம பால் மட்டும் பொங்கிடட்டும், அப்பால உன் ஊடு மாதிரி நெனச்சிக்கோ.

— நெசமாவா நைனா?

— சாமி சத்தியமா.

— அப்ப இட்டாறேன். குளிப்பாட்டி மஞ்சள் பூசி வெக்கிறேன். கொம்புக்கு பூ நீங்கோ வாங்கிடுங்கோ.

— பூவு, மாலை எல்லாம் நான் பாத்துக்குறேன். நீ மாட்ட வாசலாண்ட இட்டாந்தா போதும்.

— அது மெரளுற மாடு நைனா. கவுறு என் கைல இல்லன்னா ஒரு அடி எடுத்து வெக்காது. அதுகூட நானும் உள்ள வரலாமா?