சத்தம் வராத குழாய்

ரப்பர் குழாய் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார் பேர்வழி, ஐயா. "உங்களுக்கு நான் ரெண்டாந்தாரம். மூத்தவ அந்த காருக்குள்ள இருக்கா" என்பாள் என் மனைவி.

அந்தக் கார் அப்பாவுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தது, என்னைவிட ஒழுங்காக வளர்ந்தது. அப்பா அதைத் தம்பிக்கு எழுதிவைத்தார், எனக்கு ஸ்பானர் பெட்டி. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஸ்பானர் இல்லாமல் பழைய கார் எத்தனை நாள் ஓடும்?

இன்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பை மெல்லிய குழாய்கள் அங்கங்கே கொண்டுபோகும். ஒன்றில் விரிசல் விட்டால் உஸ்ஸென்று சத்தம் வரும், வண்டி இருமும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி வருவான். நான் ஒரு துண்டுக் குழாயைக் காதில் செருகி, மறுமுனையால் துழாவி, விரிசலைப் பிடித்துப் புதுசு மாட்டுவேன்.

"எப்படிண்ணா கண்டுபிடிக்கிற?" என்று வாயைப் பிளப்பான்.

பெரிய வித்தையில்லை. முந்தின வாரம் வேறொரு குழாயைப் பிளேடால் கீறிவைத்தவனே நான்தானே. வேலை செய்யும் இடத்தில் எனக்குப் பெயர் 'ஏய்'. இவன் ஒருத்தன்தான் என்னை வாயைப் பிளந்து பார்ப்பான். அந்த ஞாயிறுகள் எனக்கு வேண்டியிருந்தன.

போன ஞாயிறு அவனே குழாயைக் காதில் செருகி, நான் கீறியதைக் கண்டுபிடித்து, மாற்றியும்விட்டான்.

"இனிமே உன்ன தொந்தரவு பண்ண மாட்டேண்ணா. நானே பாத்துக்கறேன்."

சிரித்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவன் கை கழுவ உள்ளே போனான். பிரேக்குக்குப் போகும் குழாயை இன்ஜின் பக்கம் உருவி, உள்ளே ஒரு மரத்துண்டைத் திணித்து, பழையபடி மாட்டினேன். கசிந்தால்தான் சத்தம், அடைத்தால் ஏது? அந்த இழுப்புதான் பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணை. உள்ளே மிச்சமிருக்கும் இழுப்பை வைத்து இரண்டு முறை மிதிக்கலாம். மூன்றாவது தடவை பெடல் கல்லாகிவிடும். கல்லானால் என்னிடம்தானே வரவேண்டும்? என் மூளை அவ்வளவுதான்.

அவன் வந்து காதை வைத்துக் கேட்டான். "சத்தமே இல்லண்ணா. பூ மாதிரி ஓடுது" என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

வாசலில் நின்று பார்த்தேன். கேட் அருகே பின்விளக்கு சிவந்தது. தெருமுனையில் மறுபடி சிவந்தது. அதற்கப்புறம் இறக்கம், இறக்கத்தின் அடியில் லாரிகள் போகிற சாலை. பிறந்ததிலிருந்து நான் நடக்கிற வழிதான். போன் கையில் இருந்தது. வண்டி ஓட்டுகிறவனைப் போனில் கூப்பிடுவது ஆபத்து என்பதால் கூப்பிடவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் நான் ரொம்ப ஜாக்கிரதை.

லாரியில் மோதி, தம்பி அங்கேயே போய்விட்டான். செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குச் சேதம் அதிகமில்லை என்று வண்டியைச் சோதித்த உங்கள் ஆள் சொன்னார். யார் வாங்கினாலும் அந்தக் குழாயை மாற்றாமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னிடம் கொண்டுவரட்டும். ஞாயிற்றுக்கிழமையென்றால் நான் வீட்டில்தான் இருப்பேன்.