மூன்றாம் தொட்டி தயார்

இந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வு, ஐயா. முட்டி வலிக்காரனுக்கு உட்காருவதில் சிரமமில்லை, எழுந்திருப்பதில்தான். எப்படியும் இப்போதைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்பதால் ஆற அமரவே சொல்கிறேன்.

எங்கள் பீர் புளிக்கிற அறையில், வாயு கூடினால் கத்துகிற கேஸ் அலாரம் ஏன் கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது என்று கேட்டீர்கள். ஒற்றை வரியில் பதில் சொல்லலாம். அதை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

பீர் காய்ச்சுவது என்கிறார்களே, காய்ச்சுகிற வேலை அரை நாளில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் புளிப்பதுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்க்கிற வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தின்று முடித்துவிட்டது என்று சொல்வதில்தான் வித்தையே இருக்கிறது. எங்கள் இடத்தில் அதைச் சொல்கிறவன் நான். தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் பிடித்து, வாயில் வைத்து உருட்டி விழுங்கிவிட்டு, தொட்டியை இரண்டு தட்டு தட்டுவேன். தட்டினால் தயார் என்று அர்த்தம். அதைப் பார்க்கவே வாடிக்கையாளர்கள் படிக்கட்டில் வந்து நிற்பார்கள். எனக்கு 'நாக்கு மாஸ்டர்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

விற்பனையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவன் நான். சொல்லிக் காட்டவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். அவன்தான் ஒருநாள் அந்தச் சென்சார்களைக் கொண்டுவந்தான். கட்டைவிரல் தடிமனில் ஒரு குப்பி. பீரில் மிதக்கும். சர்க்கரை குறையக் குறைய அதன் சாய்வு மாறும். வயர் எதுவும் இல்லாமலேயே அந்தக் கணக்கைக் கைபேசிக்கு அனுப்பிவிடும். திரையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டே வந்து, சர்க்கரை தீர்ந்ததும் படுத்துவிடும். தொட்டி மூடிக்கும் ஒரு சென்சார், சூட்டுக்கும் ஒன்று.

"எதுக்குடா இது? என் நாக்கு என்ன செத்தா போச்சு?" என்று கேட்டேன்.

"ஐயோ அண்ணா, உன் நாக்குக்கு லீவு குடுக்கத்தான். ஞாயித்துக்கிழமைகூட நீ படி எறங்கி வரணுமா? சும்மா போன்ல ஒரு கண்ணு வச்சுக்கலாம்னு."

நம்பினேன். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் தட்டிய மறுநாள் பாட்டிலில் அடைத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். சென்சார் வந்ததிலிருந்து ஒருமுறைகூட மறுநாள் அடைக்கவில்லை. பாட்டில் கழுவுகிற மெஷின் மக்கர் பண்ணும். மூடி வந்து சேராது. லேபிளைத் தலைகீழாக அச்சடித்து அனுப்பியிருப்பார்கள். இவ்வளவு ராசி கெட்ட இடம் உலகத்திலேயே இருக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அவனும் சிரிப்பான்.

சென்சாருக்கு பேட்டரி மாற்ற ஓர் ஆள் வருவார். அப்படி ஒருமுறை அவர் வந்தபோது நான் மால்ட் தானிய மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவரும் தம்பியும் என்னைக் கவனிக்கவில்லை.

"உங்க அண்ணன் தட்டுன அன்னைக்கு இதுல இன்னும் எவ்வளவு சர்க்கரை இருந்திருக்கு பாருங்க. எப்பவும் இப்படித்தானா?" என்றார் சென்சார்காரர்.

"அவருக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கு அப்புறம் ருசியே தெரியலங்க. சாப்பாட்டுல உப்பு இல்லன்னாகூடக் கண்டுபிடிக்க மாட்டாரு. அது அவருக்கே தெரியாது. நான்தான் போன்ல பாத்து சூட்டைக் கூட்டிக் கொறச்சு, கோடு படுக்கற வரைக்கும் எதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் போடறேன்."

"சொல்லிடலாமே."

"சொன்னா ஒடஞ்சு போயிடுவாரு. அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். கடைசி வரைக்கும் அவரே தட்டட்டும்."

நீங்கள் இதைப் பாசம் என்பீர்கள். அவன் மனைவியும் அப்படித்தான் சொல்கிறாள். என் இடத்தில் இருந்து பாருங்கள். ஊர் முன்னால் என்னைப் பொம்மையாக நிறுத்தி வைத்திருக்கிறான். நான் தட்டுகிறேன், ஜனங்கள் கை தட்டுகிறார்கள், அவன் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறான். முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். அன்று எனக்கு நெஞ்சு வலித்த மாதிரி அப்பா போனபோதுகூட வலிக்கவில்லை.

அதோடு, அவன் சொன்னது பொய். என் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதை அவனிடம் வாதாடி நிரூபிக்க முடியாது, திரையைக் காட்டிவிடுவான். ஒரே ஒரு பீர், யாருடைய கோடும் குறுக்கே வராமல், என் நாக்கை மட்டும் நம்பி வெளியே போக வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவன் இருக்கிற வரை அது நடக்காது. சுற்றி வளைத்துப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து நின்றேன்.

புளிக்கிற அறை தரை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, நீங்களே இறங்கிப் பார்த்தீர்கள். புளிக்கும்போது வருகிற கரியமில வாயு காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும், அதில் மூச்சு விட்டால் ஆள் சாய்ந்துவிடுவான். அதனால்தான் அலாரத்தை முழங்கால் உயரத்தில் மாட்டுவார்கள், ஃபேனை நிறுத்தவே கூடாது. புளிப்பு உச்சத்தில் இருக்கும்போது நுரை கட்டியாகத் தடித்து நிற்கும். குப்பி சில சமயம் அதில் போய் மாட்டிக்கொள்ளும். கோடு பாதியில் அப்படியே நின்றுவிடும். தம்பிக்கு அது பொறுக்காது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு ஓடி வருவான். மூடியைத் திறந்து, நீளக் கொக்கியால் குப்பியைத் தட்டிவிட்டுத்தான் மறுவேலை.

தரை கழுவும்போது அலாரத்தில் தண்ணீர் தெறித்தது, கழற்றி உயரே மாட்டினேன். தண்ணீர் தெறித்தது உண்மை. கொக்கி வளைந்திருந்ததால் பட்டறைக்கு அனுப்பினேன். அதுவும் உண்மை, வளைத்தவன் நான். மறுநாள் காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தொட்டியின் குப்பியை நுரைக்குள் செருகி மூடினேன். வெளியே வந்து ஃபேனை நிறுத்தினேன். இதற்கு மட்டும் காரணம் எதுவும் தயார் பண்ணி வைக்கவில்லை.

நினைத்தபடியே போன் வந்தது.

"அண்ணா, மூணாவது தொட்டி நின்னுடுச்சு. நீ எறங்காத, முட்டி வலிக்கும். நான் பாத்துட்டு வந்துடறேன்."

"சரிடா" என்றேன்.

கடையின் முன்பக்கம் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தேன். என் போனிலும் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். 'மூன்றாம் தொட்டி: மூடி திறந்திருக்கிறது' என்று வந்தது. கொக்கி இல்லாததால் உள்ளே குனிந்துதான் கையை விட வேண்டும். கொஞ்சத்தில் கோடு அசைந்து சரியான இடத்துக்கு இறங்கியது. கை எட்டிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிற பையன் இல்லை அவன். பிறகு மறுபடியும் 'மூடி திறந்திருக்கிறது'. மறுபடியும் அதே. யாராவது மூடுகிற வரை சொல்லிக்கொண்டேதான் இருக்கும். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார், இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன்.

"புதுசு எப்ப மாஸ்டர்?"

"மூணாம் தொட்டி வந்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

நான் அவனைத் தொடவில்லை. ஆனால் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

எல்லோரும் விபத்து என்றுதான் முடிவு கட்டினார்கள். சென்சார்களை எல்லாம் கழற்றச் சொன்னேன். துக்கம் நடந்த இடத்தில் யார் கேள்வி கேட்பார்கள்? இரண்டொரு நாள் கழித்து மூன்றாம் தொட்டியில் ஒரு தம்ளர் பிடித்தேன், உருட்டினேன், விழுங்கினேன், தட்டினேன். மறுநாளே அடைத்தோம். மெஷின் மக்கர் பண்ணவில்லை. மூடியும் போதுமான அளவு இருந்தது.

கொஞ்ச நாளில் பாட்டில்கள் வெடிக்க ஆரம்பித்தன. கிடங்கு முழுக்கக் கண்ணாடிச் சில்லு. தம்பி மனைவி வந்து அதன் நடுவில் நின்றாள்.

"எப்ப மாமா அடைச்சீங்க இதை?"

"தட்டின மறுநாளே" என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் குனிந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்தாள். "அவர் பண்ணிக்கிட்டிருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல? அதான் சென்சாரையெல்லாம் கழட்டிட்டீங்க" என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்தாள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமில்லை.

சர்க்கரை தீராத பீரை அடைத்தால் பாட்டிலுக்குள்ளேயே புளித்து, வாயு போக வழியில்லாமல் வெடிக்கும் என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். பொதுவாக அது சரிதான். இந்த முறை அப்படி இல்லை, ஐயா. நானே ருசி பார்த்தேன், தயாராகத்தான் இருந்தது. என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பாட்டில் கம்பெனிக்காரனையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரியுங்கள். கண்ணாடியை ரொம்பத்தான் மெல்லிசாக ஊற்றுகிறான்.