கரைமேல் இரண்டு கடப்பாரை

எனக்கு சினிமா பிடிக்கும், அய்யா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அவார்டு படத்துக்கு நான் ஊளையிட்டதை வைத்து, இவன் ரசனை கெட்ட முரடன் என்று சேதுபதி வாத்தியார் உங்களிடம் சொல்லியிருப்பார். வெளியேதான் நிற்கிறார், பார்த்தேன். நான் கிணறு வெட்டுகிறவன். பகலெல்லாம் பூமிக்குள் கிடந்து பாறையை உடைத்துவிட்டுச் சாயந்தரம் மேலே ஏறி வருகிறவனுக்குத் திரையில் நாலு பேர் ஓட வேண்டும், அடித்துக்கொள்ள வேண்டும், அழ வேண்டும். கண்மாய்க் கரையைப் பார்ப்பதற்கு டிக்கெட் எடுப்பானேன். தேவதானத்தில் சும்மாவே கிடக்கிறது.

அங்கேதான் அந்தப் படத்தை எடுத்தார்கள். எண்பத்தாறில் எடுத்தது, டெல்லியில் பரிசு வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் ராஜபாளையத்துக்கு மத்தியானக் காட்சியாக மட்டும் வந்தது. நம் பக்கத்துப் படம் என்று சனம் கூடிவிட்டது. மில்லில் ஷிப்டு முடிந்தவர்கள், லோடுமேன்கள், பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் என் செட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். என் தங்கச்சி வெள்ளத்தாயும் வந்தாள். அவள் எங்கள் செட்டில் மண் சுமக்கிறவள். ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்தது நான். சும்மாடு கட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

கதை என்னவென்றால், மழை இல்லாத ஊரில் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி இருக்கிறான். மாட்டை விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். இடைவேளை விடுகிறார்கள். முறுக்குத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அந்தக் காட்சி. விடிகிற நேரம். வற்றிய கண்மாய். அக்கரை நெடுக ஒரு கறுப்புக் கோடு மாதிரி கரை, அதற்கு மேலே வெளுத்துவரும் வானம். ஆள் இல்லை, பேச்சு இல்லை, பாட்டு இல்லை. கேமரா ஆடாமல் அசையாமல் நிற்கிறது. ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது. எனக்குப் பின்னால் ஒருவன், "ஏலே, ஆபரேட்டர் தூங்கிட்டானா, செத்த எந்திரிச்சுப் பாருங்கலே" என்றான். கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போது கரையின் வலது ஓரத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். தூரத்து ஆட்கள், திரையில் விரல் அளவுதான் தெரிந்தார்கள். முகம் தெரியாது. ஆளுக்கொரு கடப்பாரை தோளில். முன்னால் போனவன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான்.

நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஊளையிட்டேன். அதற்காகவே காத்திருந்தது மாதிரி கொட்டகை முழுக்க எழுந்துவிட்டது. விசில், கைத்தட்டு, திரையைப் பார்த்து ஒரு செருப்பும் போயிற்று. ஆபரேட்டர் பயந்துபோய் வெளிச்சத்தை மறைத்துவிட்டு அடுத்த ரீலுக்குத் தாவினார். சம்சாரி மறுபடி யோசிக்க ஆரம்பித்தான். சனம் உட்கார்ந்தது.

படம் விட்டதும் எதிரே அல்லா பிச்சை டீக்கடையில் ஒரே சண்டை. சேதுபதி வாத்தியார் கல்லூரியில் பாடம் சொல்லுகிறவர், ராஜபாளையத்தில் திரைப்படச் சங்கம் நடத்துகிறார். அவர் கோபத்தில் சிவந்துபோய் நின்றார். இந்த மாதிரிப் படம் பார்க்கப் பொறுமை வேண்டும், அந்தக் கரையில் ஒரு முழு வாழ்க்கை நடக்கிறது என்றார். ஒரு லோடுமேன், "எங்க சார் நடக்கு? கொக்குகூட நின்னுக்கிட்டுல்லா இருந்துச்சு" என்றான். மில்லுக்காரர்களிலேயே இரண்டு பேர் வாத்தியார் பக்கம் பேசினார்கள். தன் அப்பன் முகத்தைத் திரையில் பார்த்தது மாதிரி இருந்ததென்று ஒருவன் சொன்னான். அவனை மற்றவர்கள் விடவில்லை. அல்லா பிச்சை டீ ஆற்றிக்கொண்டே, "வாத்தியாரே, எங்கடையில பாலு காயுறதுக்கும் அம்புட்டு நேரந்தான் ஆவுது. நானும் டிக்கெட் போடட்டுமா?" என்று கேட்டார். வாத்தியாரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று அன்றைக்கு அந்தக் கடையில் அதிகம் சொன்னவன் நான்தான். சொல்லிவிட்டு நேரே கொட்டகைக்குப் போய் ஆபரேட்டரைப் பார்த்தேன். நாளைக்கும் அந்தக் கரையைக் காட்டினால் பெஞ்சு ஒன்றும் மிஞ்சாது என்று தன்மையாகச் சொன்னேன். அவருக்கும் வேலை மிச்சம். கத்தரித்துவிட்டார்.

வீட்டில் வெள்ளத்தாய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, கரையில போனது அவிய."

"எவிய?"

"அவியதான். காலை இழுத்து நடக்காவல்லா."

அவள் புருஷன் பொன்னுராஜைச் சொன்னாள். அவனும் எங்கள் செட்டில் பாறை உடைத்தவன்தான். கல் விழுந்து இடது பாதம் நசுங்கியதிலிருந்து அப்படித்தான் நடப்பான். எண்பத்தாறில் நாங்கள் தேவதானத்தில் வேலைக்குப் போய் இறங்கிய மறுநாள் காணாமல் போனான். கோயம்புத்தூரில் மில் வேலை கிடைத்திருக்கிறது, விடியுமுன்னே நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன், வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போவான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வருஷம் ஒன்று ஓடி, இரண்டாவதும் ஓடியது. அங்கே யாரையாவது சேர்த்துக்கொண்டிருப்பான் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. அவள் மட்டும் புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் படியேறி வேண்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் திரும்பவும் படத்துக்குப் போயிருக்கிறாள். கரை வரவில்லை. வெளியே வந்து டீக்கடையில் நின்ற வாத்தியாரிடமே, "சார், அந்தக் கரையக் காணுமே" என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். உழைக்கிற சனத்துக்கு இந்தப் படம் புரியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் இந்தம்மா பதில் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி, கத்தரி படாத படத்தை வரவழைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கொட்டகையை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வாடகை பேசினார். நான் கத்தரிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் படம் வாரம் தாங்காமல் பெட்டி கட்டியிருக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போகாதே என்று வெள்ளத்தாயிடம் சொல்லிப் பார்த்தேன். கன்னத்தில் ஒன்று வைத்தும் பார்த்தேன். போனாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். இன்றைக்குக் காலையில் நடந்தது இது.

வாத்தியார் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார். எல்லாம் படித்த கூட்டம், இருமுவதற்குக்கூட யோசிக்கிறார்கள். கரை வந்தது. நான் இருமினேன். நாற்காலியை இழுத்தேன். வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தேன். வாத்தியார் திரும்பி, "கண்ணுச்சாமி, ஒண்ணு உக்காரும், இல்ல வெளிய போயிரும்" என்றார். உட்கார்ந்தேன்.

அந்த இரண்டு பேரும் கரையின் மறு ஓரம் வரைக்கும் நடந்து, பின்பக்கம் இறங்கி மறைந்தார்கள். பிறகு கரை மட்டும் இருந்தது. கொக்கு இருந்தது. வானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ஒருவரும் அசையவில்லை. வாத்தியாருக்கு அதுதான் படத்திலேயே பெரிய இடமாம், காலம் என்பதையே கண்ணால் பார்க்கலாமாம். கரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் அந்தக் கொட்டகையில் நான் ஒருவன்தான்.

சொல்கிறேன். கரைக்குப் பின்னால் ஒரு தோப்புக்காரருடைய பாழுங்கிணறு இருக்கிறது. தண்ணீர் செத்துப்போன கிணறு. பக்கத்திலேயே புதுக்கிணறு வெட்டத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். பழைய கிணற்றின் விளிம்புக் கல்லைப் பெயர்த்துப் புதுசுக்குக் கொண்டுவர வேண்டும். மற்ற ஆட்கள் எழும்புமுன் ஆரம்பிப்போம் என்று பொன்னுராஜைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே விளிம்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். அப்போதுதான் மில் வேலை விஷயத்தைச் சொன்னான். "இந்தக் கிணத்தோட சரி மச்சான். வெள்ளத்தாயக் கூட்டிட்டுப் போறேன். அவ தலை தேஞ்சது போதும்" என்றான்.

என் தங்கச்சி தலையைப் பற்றி எனக்குச் சொல்கிறான். அவள் போனால் அவளைப் போல மண் சுமக்க எனக்கு ஆள் ஏது? கஞ்சி யார் காய்ச்சுவது? அதெல்லாம்கூடப் பெரிசில்லை. கண் காணாத ஊரில் அவளை அவன் அடித்தால் கேட்க நாதி உண்டா? அவன் கை நீளும் என்று எனக்கு ஒரு கணிப்பு இருந்தது. கடப்பாரையின் மொண்ணைப் பக்கத்தால் ஒரு தடவை அடித்தேன். அவனாகவே உள்ளே விழுந்தான். நல்ல ஆழமான கிணறு. இந்தப் பக்கம் சத்தம் வந்திருக்காது.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். எதிர்க்கரையில் கேமராக்காரர்கள் இருந்தது தெரியாதா என்று. தெரியும். போகும்போதே பார்த்தேன். முக்காலி மாதிரி ஒன்றை நட்டுவைத்துவிட்டு மூன்று பேர் குத்தவைத்து இருந்தார்கள். முன்னால் நடிகர் இல்லை, விளக்கு இல்லை, ஒருவரும் கத்தவில்லை. சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆளே இல்லாத கரையைப் படம் எடுப்பார்கள் என்று எந்தப் புத்தியுள்ளவன் நினைப்பான்?

இன்னொரு தப்பு என் தொழில் செய்த தப்பு. அவன் கடப்பாரை விளிம்பில் கிடந்தது. நல்ல இரும்பு, அப்போதுதான் பட்டறையில் முனை அடித்து வாங்கியது. அதையும் கிணற்றில் போட்டிருக்க வேண்டும். இரும்பைக் கிணற்றில் போட எங்கள் ஆட்கள் எவனுக்கும் கை வராது, அய்யா. என் கடப்பாரையோடு அதையும் சேர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

திரையிலும் அப்படியே வந்தேன். கரையின் ஓரத்தில் முதலில் இரண்டு கம்பி முளைத்தது, பிறகு ஒரு தலை. கொக்கு எழுந்து பறந்தது. யாரோ "ஆகா" என்றார்கள். நான் வெள்ளத்தாயின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்தாள். அங்கே பால்கோவாக் கடை முன்னால் நின்றாள்.

"போவயில ரெண்டு பேரு. வரயில ஒருத்தரு. தோள்ல ரெண்டு கடப்பாரை. வலது தோளை இறக்கி நடக்கது நீதான்ணே."

அவன் உன்னை அடித்தே கொன்றிருப்பான் என்றேன்.

"அவிய என்னைய ஒரு நாளும் கை நீட்டுனதில்ல. அடிக்கது நீதான்."

கூடப் பிறந்தவன் அடிப்பது வேறு, அடுத்தவன் அடிப்பது வேறு என்று இவர்களுக்கெல்லாம் எங்கே தெரிகிறது. அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், சும்மாடு வைக்கிற இடத்தை.

"அப்ப அந்தப் பாழுங்கிணத்துல நான் கொட்டுனது?"

அது எங்கள் வேலையில் வழக்கம், அய்யா. புதுக்கிணறு வெட்டினால் அந்த மண்ணைக் கொண்டே பழசைத் தூர்த்துவிடுவது. வண்டி வாடகை மிச்சம், ஆடு மாடு விழாது. வெட்டுகிறவர்கள் நாங்கள், சுமந்து கொட்டுகிறவள் வெள்ளத்தாய். முதல் கூடையை அவள்தான் கொட்டினாள். விளிம்பில் நின்று, "கோயம்புத்தூரு போயிச் சேர்ந்திருப்பாவல்லாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கவிழ்த்தாள். சேர்ந்திருப்பான் என்றேன். அவளுக்கு அப்போது உடம்பு சூடாகக்கூட இருந்தது. உட்கார் என்றால் கேட்கவில்லை. அவிய வரும்போது கையில் நாலு காசு இருக்கட்டும் என்று நாள் தவறாமல் சுமந்தாள். கிணறு மட்டத்துக்கு வந்ததும் அவளே மிதித்துச் சமப்படுத்தினாள். நான் சொல்லிச் செய்யவில்லை. வேலை சுத்தம் அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் நேரே இந்த ஸ்டேஷனுக்கு நடந்தாள். நான் பின்னால் வந்தேன். ஓடவில்லை. ஓடுகிறவன் தப்புச் செய்தவன்.

நீங்கள் கிணற்றைத் தோண்டுவீர்கள். தெரியாத ஆட்களை இறக்காதீர்கள். கொட்டிய மண் கட்டுப்படாது, இரண்டு ஆள் உயரம் போனதும் சரியும். மேலே அகலமாக வாய் எடுத்துப் படிப்படியாக இறங்கச் சொல்லுங்கள். என் செட்டைக் கூப்பிட்டால் சுத்தமாக எடுத்துக்கொடுப்பார்கள். அவன் தெற்குப் பக்கமாகக் கிடப்பான்.

ஒன்று மட்டும் வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தை அவர் எத்தனையோ தடவை பார்த்தவர். ஒரு முழு வாழ்க்கை நடக்கிறது என்றார், காலம் தெரிகிறது என்றார். போனவன் ஒருவன் திரும்பி வரவில்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை. பிறகு எங்களைப் பார்த்துப் பொறுமை இல்லாதவர்கள் என்கிறார். இப்பவும் சொல்கிறேன், அது மோசமான படம்.

பொன்னுராஜை நான்தான் கொன்றேன். கைநாட்டு எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், வைக்கிறேன். அதற்கு முன்னால் வெளியே பெஞ்சில் இருக்கிற வெள்ளத்தாய் ஏதாவது சாப்பிட்டாளா என்று ஒரு ஆளை விட்டுக் கேளுங்கள். காலையிலிருந்து பட்டினி. என்னை விட்டால் அவளுக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்?