சந்தேகத்தின் பலன்

அருப்புக்கோட்டை கோர்ட்டு நிறுத்தத்தில் அக்காளும் தங்கையுமாக இருவர் ஏறி, என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நமக்கு முந்தின கேசுல ஆடு திருடுனவனுக்குக் குடுத்த சந்தேகத்த எனக்கும் குடுத்தா என்னடி?" என்றாள் அக்காள். அதைக் கேட்டுத்தான் காது கொடுத்தேன்.

"அது கிரிமினலுக்கா. சந்தேகம் வந்தா ஆள விட்டுருவாக. உன்னோடது சிவிலு. ஏழு வருசமா அத்தானப் பத்தித் தகவலே இல்லன்னா, செத்ததாத்தான் எடுத்துக்கிருவாகளாம். உசுரோட இருக்காகன்னு சொல்ற நீதான் நிரூபிக்கணுமாம்."

"அவுக தம்பிக்கு நிலம்தான வேணும்? எடுத்துக்கிறட்டும். அதுக்கு அவுகளச் செத்துட்டாகன்னு ஏன் தீர்ப்பு வாங்கணும்?"

தங்கை கேட்டாள்: "கூண்டுல நீ என்னக்கா சொன்ன?"

"திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாக, வருவாகன்னேன்."

"அது சாட்சியாகாதுக்கா."

"எனக்கு அது போதும்டி."

ரெட்டியபட்டி நெருங்கியதும் இருவரும் எழுந்தார்கள்.

"இனிமே பூவு, பொட்டுன்னு ஊரு பேசுமே. என்ன செய்யப்போற?"

"நாளைக்கே அவுக வாசல்ல வந்து நின்னா, கோர்ட்டுல நிரூபிச்சுட்டு வாங்கன்னா சொல்லுவேன்? மொதல்ல சோத்தப் போட்டுட்டு, இம்புட்டு நாளு எங்க போனீகன்னு சட்டையப் பிடிச்சு உலுக்கிற மாட்டேன்?"