இக்குயோ அக்கா வாசலில் மஞ்சள் துணி

விதை போட்டு மக்னோலியா வளர்க்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும், ஐயா. கடையில் மொட்டோடு வாங்கி வந்து நட்டுவிட்டு, மறு வருஷம் பூக்கவில்லை என்று அங்கலாய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் மலையடிவாரத்துச் சதுப்பில் தானாக வளர்கிற குட்டைச் செடி அது. குளிர் விடுவதற்கு முன்னால், இலை கூட வராத வெறுங்கிளையில் வெள்ளையாகப் பூக்கும். நான் போட்ட விதை பத்து வருஷத்துக்கு மேல் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. இந்த மார்ச்சில்தான் முதல் தடவையாக மொட்டு வைத்தது.

செடி நின்றது என் வீட்டில் இல்லை. என் கொல்லையில் வெயில் விழாது. பக்கத்து வீட்டு இக்குயோ அக்காதான், "என் வாசல்ல வையேன் செத்சு, சும்மாதானே கெடக்கு" என்று இடம் கொடுத்தார். கேட்டிலிருந்து கதவு வரைக்கும் ஒரு ஆள் நடக்கிற பாதை. செடி பரந்து அதையும் அடைத்துக்கொண்டது. நகோயா நகரத்திலிருந்து வரும்போதெல்லாம் அவர் மகன் வெட்டச் சொல்வான். "நடக்கிறவ நான். ஒருக்களிச்சுப் போய்க்கிறேன். உனக்கு எங்கடா வலிக்குது?" என்பார். எண்பது தாண்டியவர். காய்கறிப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கிளையில் படாமல் நண்டு மாதிரி நடப்பார்.

எங்கள் தெருவில் பெரும்பாலும் தனிக்கட்டைகள். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காலையில் எழுந்ததும் கேட்டில் மஞ்சள் துணி கட்ட வேண்டும். சாயங்காலம் அவிழ்த்துவிட வேண்டும். துணி இருந்தால் ஆள் நலம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு நான், எனக்கு அக்கா. ஒரு வருஷம் நான் காய்ச்சலில் எழுந்திருக்காதபோது கஞ்சியோடு வந்து நின்றார். "போயிட்டியோன்னு நெனச்சேன். பரவால்ல, மொறைக்கிற தெம்பு இருக்கு" என்றார்.

மொட்டு விரியக் காத்திருந்த வாரம், திங்கட்கிழமை அவர் கேட்டில் துணி இல்லை. நான் கட்டினேன். என்னுடைய பழைய துணி ஒன்று இருந்தது, அதைக் கட்டினேன். மறுநாளும் கட்டினேன். அதற்கு மறுநாளும்.

புதன்கிழமை தெருத் தலைவர் தொகிவா அந்த வழியாக வந்தார். "என்ன இது, இக்குயோ அம்மா சத்தத்தையே காணோம்? தெருவே வெறிச்சுனு இருக்கு."

"சளி பிடிச்சிருக்கு. பேசினா இருமல் வருதாம்."

"அட, அந்தச் சளிக்கு ஒரு கும்பிடு போடணும்" என்று சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனுஷர். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேனே என்று கூசிப் போனேன். இப்போதும் அதை நினைத்தால் தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்னார்கள். மொட்டு வாய் திறக்கிற நேரத்தில் பனி பட்டால் பழுப்பாகக் கருகிவிடும். என்னிடம் இருந்த நல்ல கம்பளியை எடுத்துச் செடிக்குப் போர்த்தினேன்.

துணியைக் கட்டி, பொய்யும் சொன்னது ஏன் என்று கேட்கிறீர்கள். போன வருஷம் எதிர் வீட்டுப் பெரியவரை ஆம்புலன்சில் ஏற்றியபோது, ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை என்று வேலிச் செடிகளை ஒடித்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவசரம். அக்காவின் பாதை அதைவிடக் குறுகல். செடியை வேறிடத்துக்கும் மாற்ற முடியாது, வேரைத் தொட்டால் பட்டுப்போகும். மொட்டோ இன்றைக்கு நாளைக்கு என்று இருந்தது. கொஞ்சம் பொறுத்தால் போதும் என்று பட்டது. நியாயமாகத்தான் பட்டது, ஐயா.

வியாழக்கிழமை காலையில் பூத்தது. உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது அக்கா போய்விட்டிருந்தார். டாக்டர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

பொய் சொன்னதை முதலில் சொன்னேன். அதைச் சொல்வது சுலபம். துணி கட்டுவதற்கு முன்னால் நான் உள்ளே போனேன். வழக்கப்படிதான் போனேன். சமையலறையில் இடுப்பு ஒடிந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா. துணி இல்லேன்னா நீ வந்துருவேன்னு தெரியும். அதான் கத்திக் கூப்பாடு போடாம கெடக்கேன்" என்றார்.

"இதோ வந்துடறேன் அக்கா" என்றேன். சத்தியமாக, போன் செய்யத்தான் வெளியே வந்தேன். பாதையில் மொட்டு என் கன்னத்தில் உரசியது. அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் கூப்பிட்டார். திட்டவில்லை. "செத்சு, வழியில விழுந்துட்டியா? உனக்கு ஒண்ணும் ஆயிடலையே?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.